போய் வருகிறேன், பிள்ளைகளே

வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் நம் இல்லங்களில் பெரியவர்கள் பொறுப்பதில்லை. “போகிறேன் என்று சொல்லாதே, போய் வருகிறேன் என்று சொல்” எனத் திருத்திய பிறகே வாசற்படியைத் தாண்ட விடுவார்கள். புறப்பாட்டோடு திரும்பி வருதலையும் சேர்த்து முடிந்துவைத்த சொல் அது. பிரெஞ்சு மொழியிலும் விடைபெறும் சொல் ஏறத்தாழ இதே பொருளுடையது. ‘ஓ ருவார்’ என்றால் ‘மீண்டும் காணும் வரை’ என்று பொருள். புதுச்சேரியிலோ காரைக்காலிலோ உறவினர் உடையோர் இச்சொல்லைக் காதாரக் கேட்டிருப்பர்.

1944-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள், சனிக்கிழமை. பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே, ஃபோந்தேன்புளோ காட்டின் ஓரத்தில் ஆவோன் என்றோர் ஊர். அங்கே கார்மேல் சபைத் துறவி ஒருவர், தாம் நடத்திவந்த பள்ளியின் முற்றத்தைக் கெஸ்டாப்போ காவலுடன் கடந்து சென்றார். முற்றத்தில் நிறுத்தப்பட்டிருந்த மாணவர்களை நோக்கி அவர் சொன்னவை ஒருசில சொற்களே: “போய் வருகிறேன், பிள்ளைகளே. விரைவில் காண்போம்.” அக்கூட்டத்தில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். பெயர் லூயி மால். பின்னாளில் பிரான்சின் முதன்மையான திரைப்பட இயக்குநர்களுள் ஒருவராய் உயர்ந்த அவர், நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அச்சொற்களையே தலைப்பாக இட்டு ஒரு படம் எடுத்தார். ‘ஓ ருவார், லேசான்ஃபான்’ என்னும் அப்படம் 1987-இல் வெனிஸ் திரைவிழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. மறு ஆண்டில் பிரான்சின் சேசர் விருதுகள் ஏழும் அதனை வந்தடைந்தன.

விருதுகள் கிடக்கட்டும். அந்த முற்றத்தில் உண்மையாக நடந்தது என்ன, திரையில் நாம் காண்பது என்ன, இரண்டுக்கும் இடையே இயக்குநர் ஏன் சில மாற்றங்களைச் செய்தார் என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது. இவற்றுள் மூன்றாம் வினாதான் நம்மைப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

கண்டிப்பு மிகுந்த பள்ளி, அதனுள் வந்து சேரும் உயிருள்ள ஓர் ஆசிரியர் என்னும் கருவில் அமைந்த படங்கள் பல உண்டு. 1989-இல் வெளிவந்த ‘டெட் போயட்ஸ் சொசைட்டி’ என்னும் அமெரிக்கப் படத்தை நம்மவரில் பலரும் பார்த்திருப்பர். ராபின் வில்லியம்ஸ் நடித்த அந்த ஆங்கில ஆசிரியர் பாடநூலின் பக்கங்களைக் கிழித்தெறியச் சொல்வார். மேசைமீது ஏறி நின்று உலகைப் பார்க்கச் சொல்வார். படம் முழுவதும் அவரைச் சுற்றியே சுழலும். லூயி மாலின் படத்திலோ ஆசிரியர் வந்து போகும் காட்சிகள் மிகச் சிலவே. அவர் மேசைமீது ஏறுவதில்லை. நெஞ்சை அள்ளும் உரை எதுவும் வகுப்பறையில் நிகழ்த்துவதில்லை. குளிரில் நடுங்கும் படுக்கைக் கூடம், விடியலில் எழுப்பும் மணி, அரைகுறை உணவு, இரவில் ஒலிக்கும் விமானத் தாக்குதல் எச்சரிக்கை, நிலவறையில் சொல்லும் செபம் ஆகியவற்றின் நடுவே அவர் ஒரு தலைமைக் குருவாக நடமாடுகிறார்; அவ்வளவே. ஆயினும் படம் முடிந்த பின் நம்மோடு நெடுநாள் தங்கிவிடுகிறவர் இவர்தாம் என்பது நமது அனுபவம்.

படத்தில் அவர் பெயர் தந்தை ழான். வரலாற்றில் அவர் தந்தை ழாக். நம் வழக்கில் சொல்வதானால் யாக்கோபு அடிகள்.

லூசியன் புனெல் என்னும் இயற்பெயருடைய அவர் 1900-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் நார்மண்டிப் பகுதியில் பாரான்தேன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பஞ்சாலைத் தொழிலாளி. வீட்டிலே பிள்ளைகள் பலர். பன்னிரண்டு வயதில் ரூவான் நகர இளங்குருமடத்தில் சேர்ந்தார். 1925 ஜூலையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டு மே மாதத்தில்தான், அதே நார்மண்டியில் லிசியூ கார்மேல் மடத்திலே வாழ்ந்து மறைந்த தெரேசா புனிதராக உயர்த்தப்பட்டிருந்தார். சிறுமலர் என்று நாம் செல்லமாக அழைத்து, ஊருக்கு ஊர் பள்ளிகளுக்குப் பெயராகச் சூட்டியிருக்கும் அதே தெரேசாதான். இளங்குரு புனெல், லெ ஆவ்ர் துறைமுக நகரின் புனித சூசையப்பர் பள்ளியில் பல்லாண்டு ஆசிரியராகப் பணி செய்தார். ஆயினும் உள்ளம் தனிமைத் தவத்தையே நாடியது. 1930-களின் தொடக்கத்தில் கார்மேல் சபையில் சேர்ந்து, ‘இயேசுவின் ழாக்’ என்னும் துறவுப் பெயரை ஏற்றார்.

பள்ளியிலிருந்து தப்பித் தவத்திற்குள் புகுந்தவரைச் சபை மீண்டும் பள்ளிக்கே அனுப்பியது! 1934-இல் ஆவோன் மடத்தை அடுத்து, சிறுவர்க்கான விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பள்ளிக்குக் குழந்தை இயேசுவின் தெரேசா என்றே பெயர் வைத்தார்கள். மாணவர்களுள் பெரும்பாலோர் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். லூயி மாலின் தாய் வீட்டார் வடபிரான்சின் பெரும் சர்க்கரை ஆலை முதலாளிகள். ஆலைத் தொழிலாளியின் மகன் ஆலை முதலாளிகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். இந்த முரணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். படத்தின் முதுகெலும்பு அதுதான்.

1939-இல் போர் மூண்டபோது அவரும் படைக்கு அழைக்கப்பட்டார். 1940-இல் பிரான்சு வீழ்ந்தது, அவரும் போர்க்கைதியானார், விடுதலையாகி வந்து 1941-இல் பள்ளியை மீண்டும் திறந்தார். அதற்குள் நாடு வேறொன்றாய் மாறியிருந்தது. மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷியில் அமைந்த அரசு 1940 அக்டோபரிலேயே யூதர்களுக்கு எதிரான முதற் சட்டத்தை இயற்றிவிட்டது. செருமானியர் கட்டாயப்படுத்தும் முன்னரே தானாக முன்வந்து இயற்றிய சட்டம் அது. யூத ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டனர். 1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாள்களில் பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 13,000 யூதர்கள் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிடித்தவர்கள் செருமானியப் படையினர் அல்லர்; பிரெஞ்சுக் காவல்துறையினர்.

அந்நாளில் திருச்சபை என்ன செய்தது? இவ்வினாவைக் கத்தோலிக்கராகிய நாம் தவிர்க்கலாகாது. 1940-இல் ஆயர்கள் வாய்திறக்கவில்லை. 1942 ஆகஸ்டு 23-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, துலூஸ் பேராயர் சாலியேழ் அவர்களின் சுற்றுமடல் அம்மறைமாவட்டத்துக் கோவில்களில் வாசிக்கப்பட்டபோதுதான், யூதரும் மானிடரே, நம் உடன்பிறப்புகளே என்னும் குரல் பீடத்திலிருந்து உரக்க எழுந்தது. அவரைத் தொடர்ந்து வேறு சில ஆயர்களும் பேசினர். அதற்குமுன் நிலவிய மௌனத்திற்காகப் பிரான்சு நாட்டு ஆயர்கள் மன்னிப்பு வேண்டியது 1997 செப்டம்பர் 30-ஆம் நாள்; வேண்டிய இடம், கைதிகளை இரயிலேற்றி அனுப்பிய திரான்சி. பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000 பேர். அவர்களுள் சிறார் ஏறத்தாழ 11,000 பேர். திரும்பி வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. இருப்பினும் பிரான்சில் வாழ்ந்த யூதருள் நான்கில் மூன்று பங்கினர் உயிர் தப்பினர் என்பதும் வரலாறே. பண்ணை வீடுகளும் கன்னியர் மடங்களும் புரோட்டஸ்டாண்டுச் சிற்றூர்களும் பள்ளி விடுதிகளும் அவர்களை மறைத்து வைத்திருந்தன. மேலிடம் தயங்கிய காலத்தில் கீழிருந்தவர்கள் கதவைத் திறந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

தந்தை ழாக் திறந்த கதவு அவற்றுள் ஒன்று. யூதர் என்பதால் பதவியிழந்த இயற்கை அறிவியல் ஆசிரியர் லூசியன் வைல் என்பவருக்குத் தம் பள்ளியில் வேலை தந்தார். 1943-இல் மூன்று யூதச் சிறுவர்களைப் பொய்ப்பெயர்களில் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார். ஹான்ஸ் ஹெல்முட் மிஷேல், ழாக் ஃபிரான்சு ஹால்பெர்ன், மோரிஸ் ஷ்லோஸர் என்பன அவர்தம் உண்மைப் பெயர்கள். இவர்களுள் மிஷேல் ஃபிராங்ஃபர்ட் நகரிலே பிறந்தவன். பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் ழான் போனே. லூயி மால் தம் படத்திலும் அப்பொய்ப்பெயரை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

இனித் திரைக்கு வருவோம்.

பணக்கார வீட்டுப் பிள்ளையாகிய ழூலியனின் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிய மாணவனாக போனே வந்து சேர்கிறான். படிப்பில் கெட்டிக்காரன், பியானோ வாசிக்கத் தெரிந்தவன், தன்னைப் பற்றி வாய் திறவாதவன். முதலில் போட்டி, பின்னர் ஐயம், பின்னர் நட்பு என்று சிறுவர்களுக்கிடையே வளரும் உறவை மால் சற்றும் அவசரமின்றிக் காட்டுகிறார். ஓரிரவு விழித்துக்கொள்ளும் ழூலியன், போனே மெழுகுதிரி ஏற்றித் தன் முன்னோரின் மொழியில் மெல்லச் செபிப்பதைக் கண்டுவிடுகிறான். பிறகு அவனுடைய நூல்களைத் துருவி உண்மைப் பெயரையும் அறிந்துகொள்கிறான். ஆனால் எவரிடமும் சொல்வதில்லை.

பெற்றோர் நாள் திருப்பலிக் காட்சியை நாம் தனியே குறிப்பிட்டாக வேண்டும். கம்பளி மேலாடைகளோடு செல்வர்கள் கோவிலில் நிறைந்திருக்கிறார்கள். தந்தை ழான் மறையுரை ஆற்றுகிறார். செல்வர் விண்ணரசில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்னும் ஆண்டவரின் வாக்கை எடுத்துக்கொண்டு, பசித்த நாட்டில் பசியறியாது வாழ்வோரைப் பெயர் சொல்லாமல் சாடுகிறார். ஒரு கனவான் இடையிலேயே எழுந்து வெளியேறுகிறார். கட்டணம் செலுத்தும் பெற்றோர் முன்னிலையில் இப்படிப் பேசத் துணிந்த பள்ளி முதல்வர்கள் எத்தனை பேர் என்று நாம் நமக்குள்ளே கேட்டுக்கொண்டோம். அத்தோடு நிற்கவில்லை அவர். துன்புறுவோருக்காக மட்டுமன்றித் துன்புறுத்துவோருக்காகவும் மன்றாடுங்கள் என்கிறார்.

பின்னர் நற்கருணை வழங்கும் நேரம் வருகிறது. சிறுவர்கள் வரிசையாக முழந்தாளிடுகிறார்கள். அவ்வரிசையில் போனேயும் வந்து முழந்தாளிட்டிருக்கிறான். ஏன் வந்தான்? தனித்துத் தெரியக்கூடாது என்ற அச்சமா, தோழர்களோடு ஒன்றாயிருக்கும் ஆவலா, இயக்குநர் சொல்வதில்லை. குருவின் கை ஒரு கணம் நிற்கிறது. அவனை அடையாளம் கண்டுகொள்கிறார். பிறகு, ஒரு சொல்லுமின்றி, அவனைக் கடந்து அடுத்திருக்கும் ழூலியனுக்கு அப்பத்தை அளிக்கிறார்.

இக்காட்சியை முதன்முறை கண்டபோது நமக்கு வருத்தமே உண்டாயிற்று. அடைக்கலம் தேடி வந்த பிள்ளையை ஆண்டவரின் பந்தியில் கடந்து போவதா என்று எண்ணினோம். மறுமுறை கண்டபோது வேறுவிதமாய்த் தோன்றியது. உயிருக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் பிள்ளையின் அச்சத்தைப் பயன்படுத்தி அவனைக் கிறிஸ்தவனாக்கிக்கொள்ள அக்குரு விரும்பவில்லை. திருவருட்சாதனத்தையும் மதித்தார், அச்சிறுவனின் முன்னோர் சமயத்தையும் மதித்தார். மறைத்து வைத்தவன் உரிமை கொண்டாடலாகாது என்னும் பாடத்தை ஒரு கணத் தயக்கத்தில் கற்பித்துவிட்டார். வகுப்பறைக்கு வெளியே, சொல்லின்றி நடந்த பாடம் அது. போர்க்காலத்தில் ஒளித்து வைக்கப்பட்ட யூதக் குழந்தைகளுள் சிலருக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டு, போருக்குப் பின் உறவினரிடம் திருப்பித் தர மறுத்த வழக்குகளும் பிரான்சில் எழுந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இக்காட்சியின் கனம் நன்கு புரியும்.

எனினும் மால் தம் ஆசிரியரைக் குற்றமற்றவராக வரைந்துவிடவில்லை. இங்கேதான் படம் நம்மை உலுக்குகிறது.

பள்ளியின் சமையற்கூடத்தில் ழோசேஃப் என்றோர் இளைஞன் வேலை செய்கிறான், ஏழை, கால் ஊனமுற்றவன், மாணவர்களின் கேலிக்கு நாள்தோறும் ஆளாகிறவன். வீட்டிலிருந்து வரும் பழப்பாகையும் சர்க்கரையையும் மாணவர்கள் அவனிடம் கொடுத்துச் சிகரெட்டும் அஞ்சல்தலையும் வாங்குகிறார்கள். ழூலியனும் அவன் அண்ணனும் இக்கள்ளச் சந்தையில் பங்காளிகள். ஒருநாள் சமையற்கூடத்துப் பொருள் களவு போனது தெரிகிறது, வணிகம் அம்பலமாகிறது. தந்தை ழான் என்ன செய்கிறார்? மாணவர்களைக் கடிந்துகொள்கிறார், விடுமுறையைப் பறிக்கிறார். ழோசேஃபை மட்டும் வேலையிலிருந்து விலக்கிவிடுகிறார். தாம் செய்வது அநீதி என்பதை அவரே அம்மாணவர்களிடம் சொல்கிறார். செல்வர் பிள்ளைகளை வெளியேற்றினால் அவர்கள் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்பதே அவரைத் தடுக்கிறது. சில நாள்களுக்கு முன் பீடத்திலிருந்து ஒட்டகத்தையும் ஊசியையும் பற்றிப் பேசியவர் அவர்தான்!

வெளியே தள்ளப்பட்ட ழோசேஃப் கெஸ்டாப்போவிடம் செல்கிறான். சிறுவர்கள் பிடிபடுகிறார்கள். காட்டிக்கொடுத்தவன் இவனே என்று அறிந்து திகைத்து நிற்கும் ழூலியனிடம், உங்களோடு வணிகம் செய்யாதிருந்தால் எனக்கு இந்நிலை வந்திருக்காதே என்னும் பொருள்படப் பேசுகிறான் அவன். கேட்பவன் வாயடைத்துப் போகிறான். நாமுந்தான்.

இனிக் கவனிக்க வேண்டியது இது. வரலாற்றில் இவ்வாறு நடக்கவில்லை. ஆவோன் பள்ளி காட்டிக்கொடுக்கப்பட்ட விதம் குறித்து வரலாற்றாய்வாளர் தரும் செய்தி வேறு. விடுதலை இயக்கத்தில் சேர்ந்திருந்த முன்னாள் மாணவர் ஒருவர் பிடிபட்டு, சித்திரவதை தாங்காமல் பள்ளியின் செய்தியைச் சொல்ல நேர்ந்தது என்பர். அதில் செல்வர் பிள்ளைகளின் குற்றம் எதுவுமில்லை. தந்தை ழாக்கின் அநீதி எதுவுமில்லை. மால் நினைத்திருந்தால் உள்ளபடியே எடுத்திருக்கலாம். பார்ப்போர் கண்ணீரும் பெருகியிருக்கும். ஆசிரியரின் உருவமும் மாசின்றி நின்றிருக்கும். அவரோ பழியைத் தம் வகுப்பறைக்குள்ளேயே, தம் வர்க்கத்தின் மடியிலேயே கொண்டுவந்து வைத்தார்.

இன்னொரு மாற்றமும் உண்டு. வகுப்பறைக்குள் கெஸ்டாப்போ அதிகாரி நுழைகிறார். போனேயின் உண்மைப் பெயரைச் சொல்லி, அவன் யார் என்று கேட்கிறார். எவரும் அசைவதில்லை. அதிகாரி புறம் திரும்பிய ஒரு நொடியில் ழூலியன், தன்னையறியாமல், தோழன் இருக்கும் பக்கம் கண்ணைத் திருப்பிவிடுகிறான். அதிகாரி அதைக் கண்டுகொள்கிறார். போனே எழுந்து, நூல்களை அடுக்கிவைத்து, பக்கத்திலிருப்போர் கைகளைக் குலுக்கி விடைபெறத் தொடங்குகிறான். படத்தின் உச்சம் இப்பார்வைதான். இந்நட்பையும் அக்காலை நிகழ்ச்சியையும் நினைவோடு கற்பனையையும் கலந்தே அமைத்ததாக மால் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பதினோரு வயதுச் சிறுவன் எந்தத் தீங்கும் செய்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் கண்முன்னே தோழர்கள் கொண்டு செல்லப்பட, தான் மட்டும் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையின் மனத்தில் ‘நான் ஏதோ செய்துவிட்டேன்’ என்னும் எண்ணம் குடியேறிவிட்டது. அதற்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது, அதுவே அப்பார்வை.

நோயாளர் அறைக் காட்சியையும் விட்டுவிட இயலாது. இன்னொரு சிறுவனைப் படையினர் தேடி வருகையில், அங்கே பணிபுரியும் கன்னியர் ஒருவரே அச்சத்தால் அவன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சாடையாகக் காட்டிவிடுகிறார். கத்தோலிக்கப் பார்வையாளர்களுக்கு முகத்தில் அறைந்தாற்போன்ற காட்சி. வேறிடத்தில், உணவகத்தில் முதிய யூதர் ஒருவரை அவமதிக்கும் பிரெஞ்சுக் குண்டர் படையினரை, அங்கு உணவருந்திக்கொண்டிருந்த செருமானிய அதிகாரியே அதட்டி வெளியேற்றுகிறார். தீயவர் அந்தப் பக்கம், நல்லவர் இந்தப் பக்கம் என்று கோடு கிழிக்க இப்படம் எங்கும் இடம் தருவதில்லை.

இதனை ஒரு பாவசங்கீர்த்தனம் என்றே நாம் கொள்கிறோம். மால் இளமைக்குப் பின் திருச்சபையோடு நெருங்கி வாழ்ந்தவர் அல்லர். அவருடைய படங்கள் சில நம் இல்லங்களில் வைத்துப் பார்க்கத்தக்கனவும் அல்ல. ஆயினும் சிறுவயதில் முழந்தாளிட்டுக் கற்ற ஒரு வடிவம் அவரை விட்டுப் போகவில்லை. பிறர் குற்றத்தைச் சொல்லாமல் தன் குற்றத்தை மட்டும் சொல்வது அவ்வடிவத்தின் முதல் விதி. படத்திலே பாவமன்னிப்பும் இருக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் போனே, குற்றவுணர்வோடு நிற்கும் ழூலியனைப் பார்த்து, கவலைப்படாதே, எப்படியும் என்னைப் பிடித்திருப்பார்கள் என்கிறான். அதைச் சொல்கிறவன், நற்கருணை மறுக்கப்பட்ட அதே யூதச் சிறுவன்.

இதைச் சொல்ல மாலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஏன் ஆயிற்று? 1950-களிலேயே அவர் புகழடைந்துவிட்டார். ஆழ்கடல் ஆய்வாளர் கூஸ்தோவுடன் இணைந்து இயக்கிய ஆவணப்படம் 1956-இல் கான் விழாவில் உயரிய விருதைப் பெற்றது. இந்நிகழ்ச்சியைத் தொடும் துணிவு மட்டும் வரவில்லை. 1968-இல் புகழை உதறிவிட்டு, சிறு குழுவினரோடு இந்தியாவுக்கு வந்து பல மாதம் சுற்றினார். அப்பயணத்தில் பிறந்த ஏழு பகுதித் தொடரின் இரண்டாம் பகுதி முழுவதும் சென்னையைப் பற்றியது. தேர்த் திருவிழாவும், கலாட்சேத்திரத்தில் பரதம் பயிலும் மாணவியரும் அதில் இடம்பெறுகின்றனர். கடுமையான பயிற்சியில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றிப் போகும் காட்சியை அவருடைய கேமரா விலக மனமின்றி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. (இத்தொடரை 1970-இல் பி.பி.சி. ஒளிபரப்பியபோது இந்திய அரசு சினங்கொண்டு அந்நிறுவனத்தின் தில்லி அலுவலகத்தையே மூடச் செய்தது தனிக்கதை.) நாடு திரும்பிய பின், 1974-இல், செருமானியரின் கைக்கூலியாக மாறும் நாட்டுப்புற இளைஞன் ஒருவனைப் பற்றி ‘லகோம்ப் லூசியன்’ என்னும் படத்தை எடுத்தார், பிரான்சில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. காட்டிக்கொடுப்பவனின் உள்ளத்துக்குள் முதலில் புகுந்து பார்த்துவிட்டு, அதன் பின்னரே தம் பள்ளி முற்றத்திற்கு அவர் திரும்பினார் என்று கருத இடமுண்டு. ழோசேஃபின் முகத்தில் லூசியனின் சாயல் இருப்பதைக் காண்போர் உணரலாம்.

படத்தின் இறுதியில் மாலின் சொந்தக் குரலே ஒலிக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஜனவரிக் காலையின் ஒவ்வொரு நொடியையும் சாகும்வரை மறக்க முடியாது என்கிறது அக்குரல். மால் 1995 நவம்பரில் காலமானார்.

சிறுவர்கள் அவுஷ்விட்சிலும் தந்தை ழான் மௌத்தவுசனிலும் இறந்தனர் என்று அக்குரல் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. வரலாறு அதைவிட நீளமானது. மூன்று சிறுவர்களும், ஆசிரியர் வைலும், அவருடைய தாயும் தமக்கையும் திரான்சிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிப்ரவரி 3-ஆம் நாள் புறப்பட்ட இரயிலில் ஏற்றப்பட்டனர். அவுஷ்விட்ஸ் சேர்ந்ததும் கொல்லப்பட்டனர். கைதான நாளுக்கும் சாவுக்கும் இடையே ஒரு மாதங்கூட இல்லை. மிஷேலுக்கு அப்போது வயது பதின்மூன்று.

தந்தை ழாக்கை முதலில் ஃபோந்தேன்புளோ சிறையில் அடைத்தனர். பின் கொம்பியேன், நோய பிரெம், மௌத்தவுசன் என்று முகாம் முகாமாய் மாற்றி, 1944 மே மாதத்தில் கூசன் வதைமுகாமில் சேர்த்தனர். போன இடமெல்லாம் தம் பங்கு ரொட்டியை நோயாளிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்பதை உடனிருந்து மீண்டோர் பதிவு செய்துள்ளனர். முகாமில் போலந்துக்காரர் பலர் இருந்தமையால், அவர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் வழங்கப் போதிய அளவு போலந்து மொழியையும் கற்றுக்கொண்டார். ஆசிரியராயிருந்தவர் அந்த நரகத்திலே மாணவரானார்!

1945 மே 5-ஆம் நாள் அமெரிக்கப் படை முகாமை விடுவித்தது. அப்போது அவர் எடை நாற்பது கிலோவுக்கும் குறைவு. காசநோய் முற்றியிருந்தது. உடனே வீடு திரும்பும்படி சொன்னபோது மறுத்தார். பிரெஞ்சுக் கைதிகள் அனைவரும் அனுப்பப்படும் வரை தாம் புறப்படப் போவதில்லை என்றார். உடல் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. ஜூன் 2-ஆம் நாள் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் உயிர் பிரிந்தது. 1985-இல் யெருசலேமின் யாத் வாஷெம் நினைவகம் அவரை நீதிமான்களின் பட்டியலில் சேர்த்தது. படம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திய செய்தி இது. புனிதர் பட்டத்திற்கான பணி 1990-களில் தொடங்கப்பட்டது.

அந்த ஜூன் மாத இறுதியில் அவர் உடலை ஆவோனுக்குக் கொண்டுவந்தனர். பள்ளி முற்றத்தில் சொல்லிச் சென்ற சொல்லின்படி, பதினேழு மாதம் கழித்து அவர் வந்து சேர்ந்தார். மடத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரோடு அம்முற்றத்தைக் கடந்து சென்ற மூன்று சிறுவர்களுக்கும் எங்கும் கல்லறை இல்லை.